கோட் ரெட் முதல் ஐ.ஐ.எஸ். 6.0 வரை: ஒரு வெப் சர்வரைத் திருத்தி எழுத வைத்த கோடைக்காலம்

2001 ஜூலை 19 அன்று, பதினான்கு மணி நேரத்துக்குள், உலகெங்கும் 3,59,000-க்கும் அதிகமான கணினிகளுக்குள் கோட் ரெட் என்ற ஒரே புழு, அதாவது தானே பரவும் தீநிரல், நுழைந்துவிட்டது. அத்தனை கணினிகளிலும் இயங்கிக்கொண்டிருந்தது, வலைப்பக்கங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்பும் மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். வெப் சர்வர். புழு நுழைந்த வழியோ, பெரும்பாலான அலுவலகங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு துணை வசதி.

வெப் சர்வர்களின் வரலாற்றைப் பலரும் வேகத்தின் வரலாறாகவே எழுதுகிறார்கள். நொடிக்கு எத்தனை கோரிக்கை, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்றுதான் பேச்சு போகிறது. அலுவலக நெட்வொர்க்கைப் பராமரிப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. நிறுவி முடித்தவுடன் என்னென்ன தானாக இயங்கத் தொடங்குகிறது? இயங்குபவை யாருடைய அதிகாரத்தில் இயங்குகின்றன? இவற்றுக்கு ஐ.ஐ.எஸ். 5.0 தந்த விடையும், மூன்றே ஆண்டுகளில் ஐ.ஐ.எஸ். 6.0 தந்த விடையும் முற்றிலும் வேறானவை. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

சர்வர் அலுவலகத்துக்குள் வந்த விதம்

முதல் வெப் சர்வர் 1990-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அடுத்துப் பரவலானது அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர். 1994-இல் அவர் அங்கிருந்து விலகியபின் அதைத் திருத்த ஆள் இல்லை. பயன்படுத்தியவர்களே தங்களுக்குள் திருத்தங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அந்தக் கூட்டுமுயற்சிதான் 1995 ஏப்ரலில் அப்பாச்சியாக வெளிவந்தது. ஒரே ஆண்டில் அது இணையத்தில் முதலிடத்தைப் பிடித்தது. நெட்ஸ்கேப் அப்போது தன் சர்வர்களை ஆயிரக்கணக்கான டாலர் விலையில் விற்றுக்கொண்டிருந்தது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் வந்தது. விண்டோஸ் என்.டி. வாங்கியவர்களுக்கு ஐ.ஐ.எஸ். இலவசம். 1996-இல் என்.டி. 4.0 வந்தபோது ஐ.ஐ.எஸ். 2.0 அதனுடனேயே வந்தது. 3.0 பதிப்பில், கோரிக்கை வரும்போதே பக்கத்தை நிரல் வழியாக உருவாக்கும் ஏ.எஸ்.பி. சேர்ந்தது; அலுவலகங்களில் ஏற்கெனவே விஷுவல் பேசிக் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாரத்தில் வலைப்பக்கம் எழுதத் தொடங்கிவிட முடிந்தது. கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்வதற்காக வாங்கிய என்.டி. கணினியிலேயே விடுப்பு விண்ணப்பமும் சரக்கு இருப்புப் பட்டியலும் ஏறின. நிறுவனங்களுக்கு இது பெரிய வசதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தனி நிபுணர் வைக்க வசதியில்லாத சிறு நிறுவனத்துக்கும் உள்வலை, அதாவது ஊழியர்களுக்கு மட்டுமான வலைத்தளம், கிடைத்தது இதனால்தான்.

2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தது. அதன் சர்வர் பதிப்பை நிறுவினால் ஐ.ஐ.எஸ். 5.0 தானாகவே நிறுவப்பட்டு இயங்கத் தொடங்கிவிடும். கோப்பு சேமிக்க மட்டும் வைத்த கணினியும், வலைக் கோரிக்கைகள் வந்துசேரும் 80-ஆம் எண் போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டு நிற்கும். தன் கணினியில் வெப் சர்வர் ஒன்று இருக்கிறது என்பதையே அறியாத பொறுப்பாளர்கள் உருவானது அப்போதுதான்.

இன்னொரு வகை அறியாமையும் இருந்தது. வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளுக்குள்ளும் ஐ.ஐ.எஸ். ஒளிந்திருந்தது. சிஸ்கோவின் கால்மேனேஜர் என்பது அலுவலகத் தொலைபேசி இணைப்புகளை நிர்வகிக்கும் அமைப்பு. அதன் நிர்வாகப் பக்கங்களைத் தந்தது ஐ.ஐ.எஸ்.தான். தொலைபேசிக்காக வாங்கிய பெட்டிக்கு வெப் சர்வருக்கான பேட்ச் (பிழைதிருத்தம்) போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பின்னொட்டுகளின் பட்டியல்

ஐ.ஐ.எஸ். 5.0-இன் அமைப்புப் பெட்டியைத் திறந்தால், கோப்புப் பெயரின் பின்னொட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைக் கையாளும் டி.எல்.எல். என்ற நிரல் கோப்பின் பெயர் எழுதப்பட்ட ஒரு பட்டியல் இருக்கும். எச்.டி.ஆர். என்ற பின்னொட்டு, வலைப்பக்கம் வழியாகக் கடவுச்சொல் மாற்றுவதற்கு. பிரிண்டர் என்ற பின்னொட்டு, இணையம் வழியாக அச்சிடுவதற்கு. ஐ.டி.ஏ., ஐ.டி.க்யூ. என்ற இரண்டும் தேடல் குறியீட்டுச் சேவைக்கு. நிறுவியவுடன் இவை அனைத்தும் இயக்கத்தில் இருக்கும்.

இந்தப் பட்டியலின் வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1999 ஜூனில் எச்.டி.ஆர். கையாளும் கோப்பில், ஐ.ஐ.எஸ். 4.0-இல், பஃபர் வழிதல் பிழை, அதாவது ஒதுக்கிய நினைவகத்துக்கு மேல் தரவு வழியும் பிழை, கண்டுபிடிக்கப்பட்டது. 2001 மே மாதம் பிரிண்டர் பின்னொட்டின் கோப்பில் அதே வகைப் பிழை. 2001 ஜூன் 18 அன்று ஐ.டி.ஏ. பின்னொட்டில் மீண்டும் அதே வகை, மைக்ரோசாஃப்ட் எம்.எஸ்.01-033 என்ற அறிவிப்பையும் பேட்சையும் வெளியிட்டது. மூன்றையும் கண்டுபிடித்தது கலிபோர்னியாவைச் சேர்ந்த ஈஐ டிஜிட்டல் செக்யூரிட்டி என்ற ஒரே நிறுவனம். மூன்றும் அன்றாட வலைப்பக்கங்களுக்குத் தேவைப்படாத வசதிகள். எங்கே தேடினால் அடுத்த ஓட்டை கிடைக்கும் என்பது தேடுபவர்களுக்கு அதற்குள் நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த ஜூன் அறிவிப்பில் இருந்த மூன்று செய்திகள் முக்கியமானவை. முதலாவது, தேடல் குறியீட்டுச் சேவை நிறுத்தப்பட்டிருந்தாலும் ஆபத்து நீங்காது. பட்டியலில் அந்தப் பின்னொட்டு இருந்தாலே போதும், கோரிக்கை அந்த டி.எல்.எல். கோப்பை எட்டிவிடும். இரண்டாவது, அந்தக் கோப்பு சிஸ்டம் கணக்கின் அதிகாரத்தில் ஓடுகிறது; அந்தக் கணினியில் அதற்கு மேல் அதிகாரம் எதுவும் இல்லை. மூன்றாவது, பட்டியலிலிருந்து பின்னொட்டை நீக்கினாலும், பிறகு விண்டோஸின் வேறு உறுப்பு எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ அது தானாக மீண்டும் வந்துவிடலாம். கவனமாகத் தேவையற்றதை நீக்கிவைத்த பொறுப்பாளரின் வேலையையும் சர்வர் அழித்துவிடக்கூடும் என்பதுதான் இதன் பொருள். வடிவமைப்பில் இதைவிட மோசமான குறையை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

ஒரு வரிப் பிழை

பிழை இருந்த இடம் மிகச் சிறியது. வந்த கோரிக்கையில் உள்ள ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து வைப்பதற்காக 200 யூனிகோடு எழுத்துகளுக்கான பஃபர் ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் நீளத்தைச் சரிபார்க்கும் வரியும் இருந்தது. எழுதியவர் சரிபார்க்க மறக்கவில்லை. ஆனால் அந்த வரி பஃபரின் அளவைப் பைட்டுகளில் கேட்டது. விண்டோஸில் யூனிகோடு எழுத்து ஒன்றுக்கு இரண்டு பைட்டு; ஆகவே விடை 400. வந்திருப்பது 400 எழுத்துக்குக் குறைவா என்று பார்த்து உள்ளே விட்டது நிரல். இருநூறு படி நெல் கொள்ளும் குதிரில் அரைப்படிக் கணக்கில் 400 என்று எழுதிவைத்து, கொட்ட வந்தவர் அதைப் படிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டதைப் போன்ற பிழை. வழிந்தது, பக்கத்தில் இருந்த கட்டுப்பாட்டுத் தகவலின் மேல் விழுந்தது.

புழுவின் கோரிக்கை எப்படி இருந்தது என்பதை அன்று உலகில் எந்த சர்வரின் லாக் (கோரிக்கைப் பதிவு) கோப்பிலும் பார்க்க முடிந்தது. ‘டீஃபால்ட்’ என்ற பெயர், ஐ.டி.ஏ. பின்னொட்டு, ஒரு கேள்விக்குறி. அதன்பின் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட முறை. கடைசியில் சதவீதக் குறியுடன் தொடங்கும் எண்களாகப் புழுவின் தொடக்கக் கட்டளைகள். பஃபரை நிரப்புவதற்குத்தான் அந்த ‘என்’ வரிசை. அப்பாச்சி சர்வர்களுக்கும் இதே கோரிக்கை வந்தது. அப்படி ஒரு கோப்பு அங்கே இல்லாததால் 404 என்று பதில் சொல்லிவிட்டு அவை தம் வேலையைப் பார்த்தன.

ஜூலை

புழுவின் முதல் வடிவம் ஜூலை 12 வாக்கில் வெளிப்பட்டது. ஈஐ நிறுவனத்தின் மார்க் மைஃப்ரெட்டும் ரயன் பெர்மேயும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போது குடித்துக்கொண்டிருந்த குளிர்பானத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கோட் ரெட் என்ற பெயர் அப்படி வந்தது. புழு வட்டில் எதையும் எழுதவில்லை, நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. கணினியை அணைத்துப் போட்டால் போய்விடும்; பேட்ச் போடாவிட்டால் மறுபடி வந்துவிடும்.

முதல் வடிவம் பெரிதாகப் பரவவில்லை. அடுத்துத் தாக்க வேண்டிய ஐபி முகவரிகளைத் தோராயமாக உருவாக்கும் பகுதியில், தொடக்க எண் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றாகவே இருந்தது. அதனால் ஒவ்வொரு பிரதியும் ஒரே பட்டியலை ஒரே வரிசையில் தட்டியது. ஜூலை 19 அன்று வந்த வடிவத்தில் அந்தத் தொடக்க எண் மாறிமாறி வந்தது. வேறு பெரிய மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை. உச்சத்தில் நிமிடத்துக்கு 2,000-க்கும் அதிகமான புதிய கணினிகள் விழுந்தன.

ஒவ்வொரு மாதமும் 1 முதல் 19 வரை பரவ வேண்டும், 20 முதல் 27 வரை வெள்ளை மாளிகையின் இணையதளத்தை வெள்ளமாகத் தாக்க வேண்டும் என்பது புழுவுக்குள் இருந்த கால அட்டவணை. தாக்க வேண்டிய தளத்தின் பெயரை எழுதாமல் ஐபி முகவரியை நேரடியாக எழுதியிருந்தார்கள். வெள்ளை மாளிகைத் தளம் வேறு முகவரிக்கு மாற்றப்பட்டது. அந்தத் தாக்குதல் வீணாயிற்று.

கலிபோர்னியாவின் கெய்டா ஆய்வு மையம் இந்தப் பரவலைப் பயன்பாட்டில் இல்லாத முகவரிகளின் பெருந்தொகுதி ஒன்றிலிருந்து கவனித்தது. யாரும் பயன்படுத்தாத முகவரிக்குக் கோரிக்கை வந்தால், அனுப்பியது பெரும்பாலும் புழுதான். பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 43 சதவீதம் அமெரிக்காவில், 11 சதவீதம் கொரியாவில். ஆனால் அவர்களது ஆய்வில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது வேறொரு முடிவு. ஊடகங்கள் பெருநிறுவனங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, உண்மையில் புழு தின்றது வீடுகளிலும் சிறு வணிக நிறுவனங்களிலும் இருந்த கணினிகளை. நிபுணர் இல்லாமலே சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி யாருக்குப் பயன்பட்டதோ, அடியும் அவர்கள் மேலேயே விழுந்தது.

பேட்ச் வெளிவந்து ஒரு மாதம் ஆகியிருந்ததே, ஏன் போடவில்லை என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. பேட்சுகளை அலுவலகத்துக்குள் மொத்தமாக விநியோகிக்க மைக்ரோசாஃப்ட் கருவி தந்தது 2002-இல். மாதத்தில் ஒரே செவ்வாய்க்கிழமை என்ற ஒழுங்கு 2003 அக்டோபரில் வந்தது. 2001-இல் அறிவிப்புகள் எந்த நாளிலும் வரும். படித்து, பதிவிறக்கி, ஒவ்வொரு கணினியாகப் போய், நிறுவ வேண்டும். தன்னிடம் வெப் சர்வர் இருப்பதே தெரியாதவர் அந்த அறிவிப்பைப் படிப்பாரா?

ஃபயர்வாலுக்கு உள்ளே

ஆகஸ்ட் 4 அன்று வந்த கோட் ரெட் 2 அதே ஓட்டையைப் பயன்படுத்திய வேறொரு புழு. ‘என்’ எழுத்துக்குப் பதில் ‘எக்ஸ்’ எழுத்து வரிசை. அலுவலக நெட்வொர்க்குகளுக்கு இது முந்தையதைவிடக் கொடியது. அடுத்த முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது எட்டில் ஏழு முறை தன் முகவரிக்கு அருகிலேயே தேடியது. ஒரே ஒரு கணினி எப்படியோ உள்ளே தொற்றிவிட்டால் போதும், ஃபயர்வாலுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்திருந்த சர்வர்கள் எல்லாம் சில நிமிடங்களில் விழுந்தன. போகும்போது, கட்டளை வரி நிரலின் பிரதியை ரூட்.எக்ஸ்.இ. என்ற பெயரில் வலைத்தளக் கோப்புறையில் வைத்துவிட்டுப் போனது. பிரவுசர் வைத்திருக்கும் எவரும் அதன்பின் அந்த சர்வருக்கு ஆணையிடலாம்.

செப்டம்பர் 18 அன்று வந்த நிம்டா அந்தப் பின்வாசலையும் பயன்படுத்திக்கொண்டது. அதோடு 2000-ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்ட ஒரு கோப்புறைப் பாதைப் பிழை, மின்னஞ்சல் இணைப்பு, திறந்துகிடந்த பகிர்வுக் கோப்புறைகள் என எல்லா வழிகளிலும் நுழைந்தது. பிடித்த சர்வரில் இருந்த வலைப்பக்கங்களின் கடைசியில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்டை ஒட்டியது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வைத்திருந்த ஊழியர் தன் நிறுவனத்தின் உள்வலைப் பக்கத்தைத் திறந்தாலே தொற்றிக்கொண்டது.

மறுநாளே கார்ட்னர் ஆய்வு நிறுவனம், கோட் ரெட், நிம்டா இரண்டாலும் தாக்கப்பட்ட நிறுவனங்கள் ஐ.ஐ.எஸ்.ஸுக்கு மாற்றாக ஐபிளானட், அப்பாச்சி போன்ற வெப் சர்வர்களை உடனடியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

அப்பாச்சி தப்பியதா?

அப்பாச்சியில் பிழையே இல்லை என்பதல்ல. 2002 செப்டம்பரில் ஸ்லாப்பர் என்ற புழு, அப்பாச்சியுடன் சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட, இணைப்பை மறைக்குறியாக்கும் ஓப்பன்எஸ்.எஸ்.எல். நூலகத்தின் பிழை வழியாக லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழைந்தது. தன் மூல நிரலைத் தற்காலிகக் கோப்புறையில் இறக்கி, அந்தக் கணினியில் இருந்த, மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் கம்பைலரைக் கொண்டே தன்னை உருவாக்கிக்கொண்டது. ஆனால் நுழைந்தபின் அதற்குக் கிடைத்தது அப்பாச்சி என்ற சாதாரணப் பயனரின் அதிகாரம் மட்டுமே. செயலி என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்; அப்பாச்சியின் தாய்ச் செயலி 80-ஆம் போர்ட்டைத் திறப்பது போன்ற வேலைகளுக்காக ரூட் என்ற முழு அதிகாரத்தில் எழும். கோரிக்கைகளைக் கையாளும் பிள்ளைச் செயலிகள் அதிகாரம் குறைந்த வேறு பயனராக மாறிவிடும். யூனிக்ஸ் மரபில் இது பழைய வழக்கம். இரண்டு சர்வர்களுக்கும் இருந்த உண்மையான வேறுபாடு, பிழைக்குப் பின் நடந்ததில்தான் இருந்தது.

மறுபடி எழுதுதல்

2002 ஜனவரி 15 அன்று பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு அனுப்பிய மடலில், புதிய வசதியா பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த மாதம் விண்டோஸ் பிரிவின் வழக்கமான வேலை நிறுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் பழைய நிரல்களை வரிவரியாகப் பரிசோதிக்க உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரல் 24 அன்று விண்டோஸ் சர்வர் 2003 வந்தது. அதில் இருந்தது ஐ.ஐ.எஸ். 6.0.

முதல் மாற்றம், அது தானாக நிறுவப்படவில்லை. வலைச் சேவைக்கென்றே விற்கப்பட்ட பதிப்பைத் தவிர மற்றவற்றில் கேட்டு நிறுவ வேண்டும். நிறுவினாலும் நிலையான பக்கங்களை மட்டுமே தரும். ஏ.எஸ்.பி. வேண்டுமென்றால் ‘வலைச் சேவை நீட்சிகள்’ என்ற பட்டியலுக்குப் போய் அனுமதிக்க வேண்டும். பழைய பட்டியலில் எல்லாம் இயக்கத்தில் இருந்தன. புதிய பட்டியலில் எல்லாம் தடையில் இருந்தன.

இதனால் அலுவலகங்களில் ஒரு குறிப்பிட்ட குழப்பம் வந்தது. பழைய சர்வரில் நன்றாக ஓடிய ஏ.எஸ்.பி. பக்கத்தைப் புதியதற்கு மாற்றினால் 404, அதாவது கோப்பு இல்லை, என்று வரும். கோப்போ கண்ணெதிரே கிடக்கும். லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கே 404.2 என்று துணை எண்ணோடு பதிவாகியிருக்கும்: நீட்சி தடைசெய்யப்பட்டிருக்கிறது. பிரவுசருக்கு அந்தத் துணை எண்ணை அனுப்பமாட்டார்கள். வெளியிலிருந்து துழாவுபவருக்கு எது தடையில் இருக்கிறது, எது உண்மையிலேயே இல்லை என்று தெரியக்கூடாது. பொறுப்பாளர்கள் எரிச்சலடைந்தார்கள் என்பது உண்மை. அந்த எரிச்சல் கொடுக்கத் தகுந்த விலை என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. ஐ.ஐ.எஸ். 5.0-இல் கோரிக்கைகளை வாங்கிய மையச் செயலி சிஸ்டம் அதிகாரத்தில் ஓடியது. வலைப் பயன்பாடுகளைத் தனிச் செயலிகளில் ஓட்டும் ஏற்பாடு இருந்தபோதும், தேடலும் அச்சும் கையாண்ட டி.எல்.எல். கோப்புகள் எப்போதும் மையச் செயலிக்குள்ளேயே ஏறின. 6.0-இல் கோரிக்கையை முதலில் வாங்குவது, இயங்குதளத்தின் மையமான கர்னலில் இருக்கும் எச்.டி.டி.பி.சிஸ் என்ற பகுதி. அது எந்தப் பயன்பாட்டின் நிரலையும் இயக்காது; கோரிக்கையை உரிய வரிசையில் போடும். அதை எடுத்து வேலை செய்வது பயன்பாட்டுக் குழு ஒவ்வொன்றுக்கும் உரிய தனிச் செயலி. அது நெட்வொர்க் சர்வீஸ் என்ற குறைந்த அதிகாரக் கணக்கில் ஓடும். சம்பளப் பட்டியலின் பயன்பாடு விழுந்தாலும் வாடிக்கையாளர் தளம் நிற்காது. ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை விழுந்தால் அந்தக் குழு மட்டும் மூடப்பட்டு 503, அதாவது சேவை இல்லை, என்ற பதில் வரும். 29 மணி நேரத்துக்கு ஒருமுறை செயலி தானாகப் புதுப்பிக்கப்படும். நினைவகத்தைக் கசியவிடும் அலுவலகப் பயன்பாடுகளோடு வாழக் கற்றுக்கொண்ட ஏற்பாடு அது.

சோதனை வந்த விதம்

விண்டோஸ் சர்வர் 2003 கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வடிவமைப்புக்குச் சோதனை வந்துவிட்டது. 2003 மார்ச்சில் விண்டோஸ் 2000-இன் அடிப்படை நூலகம் ஒன்றில் இருந்த பஃபர் பிழை, சர்வரில் உள்ள கோப்புகளை வலை வழியே திருத்த உதவும் ஐ.ஐ.எஸ்.ஸின் வெப்டேவ் வசதி வழியாகத் தாக்கப்பட்டது, எம்.எஸ்.03-007 என்பது அந்த அறிவிப்பு. புதிய விண்டோஸில் அந்த நூலகப் பிழை பரிசோதனையின்போதே சரிசெய்யப்பட்டிருந்தது. செய்யப்படாமல் போயிருந்தாலும் ஐ.ஐ.எஸ். தானாக ஓடாது. ஓடினாலும் வெப்டேவ் தடையில் இருக்கும். அனுமதித்திருந்தாலும் தாக்குதலுக்கு 64 கிலோபைட்டுக்கு மேல் நீளமான முகவரி வேண்டும்; 6.0 ஏற்பது 16 கிலோபைட் வரைதான். அதையும் தாண்டினால் பஃபர் வழிந்தால் காட்டிக்கொடுக்கக் கம்பைலர் சேர்த்த காவல் மதிப்பு செயலியை நிறுத்திவிடும். அதையும் ஏமாற்றியவருக்குக் கிடைப்பது நெட்வொர்க் சர்வீஸ் அதிகாரம். எந்த ஒரு தடுப்பையும் நம்பியிராத இந்த வரிசைதான் 2001-இல் இல்லாதது.

எல்லாம் ஆதாயம் என்று சொல்லிவிட முடியாது. கோரிக்கையைக் கர்னலுக்குள் கொண்டுபோனதன் விலையை 2015 ஏப்ரலில் பின்வந்த பதிப்புகள் கொடுத்தன. கோப்பின் எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும் தலைப்பில் மிகப் பெரிய எண் ஒன்றைப் போட்டால் எச்.டி.டி.பி.சிஸ் தடுமாறியது, ஒரே கோரிக்கையில் முழு சர்வரும் நீலத் திரையோடு விழுந்தது. கர்னலில் பிழை என்றால் குறைந்த அதிகாரக் கணக்கு எந்த உதவியும் செய்யாது.

ஐ.ஐ.எஸ். 6.0-க்கான ஆதரவு 2015 ஜூலை 14 அன்று முடிந்தது. ஆனாலும் பழைய பயன்பாட்டை மாற்ற முடியாத அலுவலகங்கள் அதை ஓட்டிக்கொண்டே இருந்தன. 2017 மார்ச்சில் அதன் வெப்டேவ் பகுதியில் பஃபர் வழிதல் பிழை ஒன்று வெளியானது. தாக்கப்பட்டவை, யாரோ ஒரு காலத்தில் வலைச் சேவை நீட்சிகள் பட்டியலுக்குப் போய் வெப்டேவை அனுமதித்திருந்த சர்வர்கள். சில மாதங்களில் அவற்றுள் பலவற்றில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் ஏற்றப்பட்டன. 2017 ஜூனில், ஆதரவு முடிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்புக்கு விதிவிலக்காக ஒரு பேட்ச் வெளியிட்டது.